இணையத்தைப் படித்துப் படித்துக் கணினி தானாகவே கற்றுக்கொண்டிருக்குமா? நம்ம வட்டாரத் தோட்ட வரலாற்றுக்கு அது உதவுமா?

#1 மூனாங்கட்டை

ஊர்க்காரங்க எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, சிலாங்கூர்ல இருக்கிற நம்ம பெஸ்தாரி ஜெயா சுத்துவட்டாரத் தோட்டங்களைப் பத்தி ஒரு தகவல் களஞ்சியம் போடணும்னு நம்ம இளைஞர் குழு பேசிப் பேசியே நாளாச்சு. எந்தத் தோட்டம் எங்கே இருந்துச்சு, எப்போ பால்மரத்தை (ரப்பர்) சாய்ச்சிட்டுச் செம்பனை போட்டாங்க, கோயில் எங்கே மாறிச்சு, தமிழ்ப்பள்ளி எந்தத் தாமானுக்கு (புதுக் குடியிருப்புப் பகுதி) போச்சு, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஜனங்க எங்கெங்கே குடியேறினாங்க, இதுதான் வேணும். தட்டச்சுக்கு உட்கார்ந்த ரெண்டு பேருமே வேலை கிடைச்சு ஜொகூர் பக்கம் போயிட்டாங்க.

அதனால இப்படி யோசிக்கிறேன். ஒரு நிரல் எழுதி ஓட விட்டுடலாம். தமிழ்ல வர்ற செய்தி, வலைப்பூ, பள்ளி ஆண்டுமலர், கோயில் அறிவிப்பு எல்லாத்தையும் அது தினமும் படிக்கட்டும், தெரிஞ்சுக்கிட்டதை அட்டவணையில போட்டுக்கிட்டே போகட்டும், நிறுத்தவே வேண்டாம். அமெரிக்காவுல இந்த மாதிரி ஒண்ணு வருஷக்கணக்கா ஓடுச்சாம். 'நெல்'னு (NELL, 'ஓயாம மொழி கத்துக்கிறது'ங்கிறதோட ஆங்கிலச் சுருக்கம்) பேரு. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, நமக்கு ஆகுமா?

#2 லோரிக்காரன்

நெல்லு வேணும்னா தஞ்சோங் காராங் பக்கம் போ தம்பி, இங்க செம்பனைதான்.

சும்மா சொன்னேன். ஆனா கம்ப்யூட்டர் படிக்குதுன்னா என்னா அர்த்தம்? என் மவனும்தான் படிக்கிறான். புத்தகம் தொறந்திருக்கும், கண்ணு போன்ல இருக்கும்.

#3 சைபர்ஜெயா வாசி

அண்ணே, உங்க கேள்விதான் சரியான கேள்வி.

பிட்ஸ்பர்க்ல இருக்கிற கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துல டாம் மிட்செல்னு ஒரு பேராசிரியர். அவரோட குழு 2010 ஜனவரியில நெல்லை ஓட விட்டாங்க. அதுக்குத் தினமும் ரெண்டு வேலை. ஒண்ணு, இணையப் பக்கங்களைப் படிச்சு உலகத்தைப் பத்தின செய்திகளை எடுக்கணும். இன்னொண்ணு, நேத்து படிச்சதைவிட இன்னைக்கு நல்லாப் படிக்கக் கத்துக்கணும். ரெண்டாவது வேலைதான் விசேஷம்.

நம்ம ஊர் உதாரணத்துல சொல்றேன். 'நகரம்'னு ஒரு வகை. ஈப்போ, கிள்ளான், சிரம்பான்னு சில பேரை மட்டும் நாம கொடுக்கிறோம். அவங்க ஒரு வகைக்குப் பத்துப் பதினைஞ்சு உதாரணம் கொடுத்தாங்க. இந்தப் பேருங்க எந்த மாதிரி வாக்கியத்துல வருதுன்னு நிரல் தேடுது. 'கிள்ளான் நகராண்மைக் கழகம்', 'ஈப்போ பேருந்து நிலையம்' கண்ணுல படுது. அப்போ நகராண்மைக் கழகத்துக்கு முன்னாடி வர்றது நகரமா இருக்கணும்னு அதுவே ஒரு வாய்ப்பாடு போட்டுக்குது. அந்த வாய்ப்பாட்டை வச்சுத் தைப்பிங், காஜாங் எல்லாம் பிடிக்குது. புதுசா வந்த பேரை வச்சு மறுபடி புது வாய்ப்பாடு. இப்படியே சுத்திக்கிட்டு இருக்கும்.

கெட்டுப் போறதும் இங்கேதான். 'கோலாலம்பூர் போற பஸ்' கண்ணுல பட்டு, 'போற பஸ்'ஸுக்கு முன்னாடி வர்றது எல்லாம் நகரம்னு எடுத்துக்கிச்சுன்னு வைங்க. அடுத்த சுத்துல 'பள்ளிக்கூடம்', 'ஆஸ்பத்திரி' எல்லாம் நகரமாயிடும். அதுக்கு அடுத்த சுத்துல ஆஸ்பத்திரியைச் சுத்தி வர்ற வாக்கியங்களை வச்சு டாக்டரும் நர்ஸும் நகரமாயிடுவாங்க. தப்பு வட்டி போட்டு வளரும்.

இதைத் தடுக்க அவங்க கண்ட வழி, ஒரே ஒரு வகையைத் தனியாச் சொல்லிக் கொடுக்காம நூத்துக்கணக்கானதை ஒண்ணா, ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறது. நகரமா இருக்கிறது மருத்துவமனையா இருக்க முடியாதுன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. 'இன்னார் இன்ன ஊர்ல பிறந்தார்'னு ரெண்டு பேரை இணைக்கிற செய்தியை (இதுக்கு 'உறவு'ன்னு பேரு) எடுத்தா, முதல்ல வர்றது ஆளா, ரெண்டாவது ஊரான்னு பார்க்கும். சாட்சியும் ஒண்ணு பத்தாது. வாக்கியத்தைப் பார்க்கிற பகுதி தனி, பட்டியல் அட்டவணையைப் பார்க்கிற பகுதி தனி, பேரோட எழுத்தமைப்பைப் பார்க்கிற பகுதி தனி. ஒண்ணு ரொம்ப உறுதியாச் சொல்லணும், இல்லேன்னா ரெண்டு மூணு சேர்ந்து சொல்லணும். அப்போதான் அந்தச் செய்திய 'நம்பிக்கை'ங்கிற நிலைக்கு ஏத்துவாங்க.

2010ல வந்த கட்டுரையில கணக்கு இருக்கு. 123 வகை, 55 உறவு, 50 கோடி இணையப் பக்கம். 67 நாள் ஓடி 2,42,453 நம்பிக்கை சேர்த்துச்சு. அதுல ஏறக்குறைய 74 விழுக்காடு சரின்னு மதிப்பிட்டாங்க.

#4 லோரிக்காரன்

நாலுல ஒண்ணு தப்பு. என் மவன் தேவலாம்.

#5 பழைய கிராணி

வணக்கம். தம்பி சொன்ன 74 விழுக்காடு மொத்தக் கணக்கு. தொடக்கத்தில் எப்படி, கடைசியில் எப்படி என்று பிரித்துச் சொல்ல முடியுமா? தோட்டத்தில் பால் எடை போட்ட பழக்கம். மொத்த எடையைச் சொன்னால் எனக்குத் திருப்தி வராது, நிரை வாரியாகக் கேட்பேன்.

#6 சைபர்ஜெயா வாசி

ஐயா, அங்கேயே தொட்டுட்டீங்க. ஓட்டத்தை மூணு கூறாப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. முதல் கூறுல 90, நடுவுல 71, கடைசியில 57 விழுக்காடு. ஈப்போ, கிள்ளான் மாதிரி எல்லாரும் எழுதுற பேருங்க முதல்லயே வந்துடும். போகப் போக அரைகுறையாத் தெரிஞ்சதைத்தான் அள்ள வேண்டியிருக்கும். அதோட முன்னாடி சேர்ந்த தப்பும் சேர்ந்து இழுக்கும்.

எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. பேக்கரியில சுடுற பண்டங்கள்னு ஒரு வகை. அதுல குக்கீஸ் இருந்துச்சு. உலாவியில சேர்ற 'இண்டர்நெட் குக்கீஸ்' இருக்கே, அதையும் பண்டம்னு சேர்த்துக்கிச்சு. 'இண்டர்நெட் குக்கீஸை அழிச்சேன்'னு ஜனங்க எழுதுறாங்க இல்ல, அதை வச்சு அழிக்கப்படுறது எல்லாம் பண்டம்னு முடிவு பண்ணி, கணினிக் கோப்புகளையும் பேக்கரிக்குள்ள கொண்டுவந்துடுச்சு. அப்புறம் ஆளுங்க உட்கார்ந்து களை எடுத்தாங்க. அப்போ நெல் கத்துக்கிட்டதை ட்விட்டர்லயும் போட்டாங்க, பார்த்தவங்க சரி தப்பு சொல்ல முடிஞ்சுது.

#7 டீச்சரம்மா

மூனாங்கட்டை தம்பி, ஆர்வத்துக்குப் பாராட்டு. ஆனா ஒரு கேள்வி. படிக்கிற கணினிக்குப் படிக்க என்ன வச்சிருக்கோம்?

நம்ம வட்டாரத்தைப் பத்தி இணையத்துல தமிழ்ல தேடிப் பாருங்க. தீமிதித் திருவிழா அறிவிப்பு வரும். பள்ளிப் போட்டி விளையாட்டுச் செய்தி வரும். தேர்தல் சமயத்துல வேட்பாளர் வந்துட்டுப் போனது வரும். இறப்பு அறிவிப்பு வரும். அதைத் தாண்டினா நாலஞ்சு பேர் எழுதின வலைப்பூ. தமிழ் நேசன் 1924ல தொடங்கி 2019ல நின்னுபோச்சு. அத்தனை வருஷத் தோட்டச் செய்தியும் காகிதத்துலதான் இருக்கு.

இணையத்துல இருக்கிறதும் முழுசாப் படிக்கிற மாதிரி இல்லை. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு எழுத்துரு. இந்த நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செஞ்சு கொடுத்ததாலதான் நம்மள்ல பல பேர் கணினியில தமிழ் அடிக்கவே ஆரம்பிச்சோம். ஆனா அந்தக் காலத்துப் பக்கங்களை இன்னைக்குத் திறந்தா கொக்கி கொக்கியா ஏதோ தெரியும். மனுஷனாலயே படிக்க முடியலை.

இன்னொண்ணு. பள்ளிகளோட எண்ணிக்கையை அதுகிட்ட கேட்டா என்ன சொல்லும்? 1957ல 888 தமிழ்ப்பள்ளின்னு ஆயிரம் கட்டுரையில இருக்கு. இப்போ ஐந்நூத்திச் சொச்சம்னும் ஆயிரம் கட்டுரையில இருக்கு. ரெண்டுமே சரி.

#8 மூனாங்கட்டை

டீச்சர், எழுத்துரு மாத்துறதுக்கு மென்பொருள் இருக்கு, அது பெரிய விஷயம் இல்லை. பழைய பத்திரிகையை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தவும் இலவசக் கருவி இருக்கு. டெசராக்ட் தமிழ் படிக்கும், அச்சு தெளிவா இருந்தா ஓரளவு நல்லாவே படிக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகத்துத் தளத்துல தமிழ் முரசுப் பழைய இதழ்கள் இருக்கு, அந்தக் காலத்துல மலாயாச் செய்தி நிறைய அதுல வரும்.

வாய்ப்பாடு விஷயத்துல தமிழ் நமக்குத் தோது. 'ரப்பர், செம்பனை, கொக்கோ போன்ற பயிர்கள்'னு எழுதினா போதும், மூணும் பயிர்னு கணினிக்குப் புரிஞ்சிடும். ஆங்கிலத்துல இந்த மாதிரி வாக்கியத்தை வச்சு வகை பிரிக்கிற வழியை மார்ட்டி ஹர்ஸ்ட்னு ஒரு அம்மா 1992லயே எழுதிட்டாங்க. நமக்குப் 'போன்ற', 'முதலிய', 'ஆகிய'ன்னு மூணு இருக்கு. ஒரே சிக்கல், பினாங்கில், பினாங்குக்கு, பினாங்கிலிருந்துன்னு பேரோட வாலு மாறிக்கிட்டே இருக்கும். அதை வெட்டிட்டுப் பார்க்கணும்.

#9 பழைய கிராணி

நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து ஆபிசில் செக்ரோல் (ஆட்களின் பெயர்ப் பதிவேடு) எழுதியவன் நான். புது ஆள் வந்தால் பெயர் ஏறும். ஆள் போனால் சிவப்பு மையில் கோடு விழும். பெயர் ஏற்றுவதற்குத் துரை, மண்டோர், தண்டல் என்று எல்லாரும் வந்து நினைவுபடுத்துவார்கள். கோடு போடுவதற்கு ஒருவரும் வர மாட்டார்கள். பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்களை நிறுத்தி எண்ணுவது) நின்று, யார் வரவில்லை என்று நானேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல் விட்டால் அந்தப் பெயர் மாதா மாதம் செக்ரோலில் உயிரோடு இருக்கும்.

உங்கள் கணினி படிப்பது எல்லாம் பெயர் ஏறுகிற செய்தி. தோட்டம் திறந்தது பத்திரிகையில் வரும். பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது வரும். அமைச்சர் மேடை ஏறியது வரும். கடைசிப் பெரட்டு என்றைக்கு நடந்தது என்று எந்தப் பத்திரிகை எழுதியது? எங்கள் தோட்டத்தில் கடைசிப் பெரட்டு நடந்த அன்று நான் இருந்தேன். வழக்கம்போல் ஆட்களை எண்ணினோம், அரை நாள் வேலை, ஸ்டோரைப் பூட்டினோம். அவ்வளவுதான். இணையத்தில் தேடினால் 'இங்கு ரப்பர்த் தோட்டம் உள்ளது' என்றுதான் இன்னமும் இருக்கிறது. அங்கே இப்போது மாடி வீடுகள்.

பள்ளி விஷயம் இதைவிட மோசம். தோட்டம் போனாலும் தோட்டத்தின் பெயரைப் பள்ளி சுமந்துகொண்டு தாமானுக்கு வந்துவிடும். பள்ளிச் செய்தி வாராவாரம் வரும். அதைப் படிக்கிற கணினி, தோட்டமும் நன்றாக இருக்கிறது என்றுதானே நினைக்கும்?

தோட்டத் துண்டாடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போனபோது ஒரு தோட்டம் பல துண்டாகிப் பல கைக்கு மாறியது. அதைத் தடுத்துத் தொழிலாளிகளே தோட்டம் வாங்கட்டும் என்றுதான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டான தோட்டங்களில் சிலவற்றில் எல்லாத் துண்டுக்கும் பழைய பெயரையே ஜனங்கள் சொன்னார்கள். பெயர் ஒன்று, இடம் நாலு.

#10 சைபர்ஜெயா வாசி

கிராணி ஐயா, நீங்க சொன்ன கோடு விஷயம் அந்தக் கட்டுரையிலயே இருக்கு. அன்னைய நெல்லுல ஒரு செய்திய ஒருமுறை நம்பிக்கையா ஏத்திட்டா, அப்புறம் இறக்குறதே கிடையாது. அப்படித்தான் கட்டினாங்க. பின்னால வந்த வடிவங்கள்ல ஒவ்வொரு சுத்துலயும் நம்பிக்கையோட மதிப்பெண்ணை மறுபடி எடை போட்டாங்க. ஆனாலும் எடை போடக் கையில இருக்கிறது எழுத்துதான். 'தோட்டம் உள்ளது'ன்னு பத்துப் பக்கம் இருக்கு, 'இல்லை'ன்னு ஒரு பக்கமும் இல்லைன்னா தராசு எந்தப் பக்கம் சாயும்?

குக்கீஸ் தப்பைப் பார்த்தா சிரிச்சிட்டுத் திருத்திடலாம். இந்தத் தப்பு கண்ணுக்கே தெரியாது. எழுதின அன்னைக்கு அது சரியாத்தானே இருந்துச்சு.

#11 ஏஐ பித்தன்

எல்லாரும் 2010லயே நிக்கிறீங்களே! இப்போ அரட்டைச் செயலிங்களுக்குள்ள ஓடுற பெரிய மொழி மாதிரிகள் இருக்கு. கோடிக்கணக்கான பக்கம் படிச்சு முடிச்சிருச்சு. வாய்ப்பாடு, வகை, உறவு ஒண்ணும் வேணாம். நேராக் கேட்டா பதில். எதுக்கு இந்தப் பாடு?

#12 டீச்சரம்மா

கேட்டுப் பார்த்தேன் தம்பி. நான் பிறந்த தோட்டத்தைப் பத்தி ஒரு அரட்டைச் செயலிகிட்ட கேட்டேன். அழகான தமிழ்ல பதில் வந்துச்சு. விடியற்காலையில பெண்கள் பால் வெட்டப் போறாங்களாம், மாலையில பிள்ளைங்க திடல்ல பந்து விளையாடுறாங்களாம், எல்லாம் நிகழ்காலத்துல. எந்தத் தோட்டத்தைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும்னு நினைக்கிறேன். அந்தத் திடல்ல இப்போ பெட்ரோல் நிலையம்.

#13 லோரிக்காரன்

அந்த நிலையத்துல நான் எண்ணெய் போட்டிருக்கேன் டீச்சர். டாய்லெட் சுத்தமா இருக்கும்.

#14 சைபர்ஜெயா வாசி

பித்தன் தம்பிக்கு: மொழி மாதிரி ஒரு தேதி வரைக்கும் படிச்சுட்டு நிறுத்திடும். அதுக்கப்புறம் நடந்தது அதோட எடைகள்ல (கத்துக்கிட்டதைச் சேர்த்து வைக்கிற உள் எண்கள்) கிடையாது. புதுசை மட்டும் மேல மேலப் படிக்க வச்சா என்ன ஆகும்னு 1989ல மெக்ளாஸ்கி, கோஹன்னு ரெண்டு பேர் சின்ன நரம்பு வலையை (இந்த மாதிரி எடைகளை மாத்தி மாத்திக் கத்துக்கிற நிரல்) வச்சுப் பார்த்தாங்க. முதல்ல ஒண்ணாம் கூட்டல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாங்க, கத்துக்கிச்சு. அப்புறம் ரெண்டாம் வாய்ப்பாட்டை மட்டும் கொடுத்தாங்க. அதைக் கத்துக்கிட்ட வேகத்துல ஒண்ணாம் வாய்ப்பாடு அழிஞ்சுபோச்சு. புதுசும் பழசும் அதே எடைகள்லதான் எழுதப்படுது, அதனால ஒண்ணை எழுதினா இன்னொண்ணு கலையும். பழைய பாடத்தையும் கலந்து கலந்து கொடுக்கிறது, முக்கியமான எடைகளை அசையாமப் பிடிச்சு வைக்கிறதுன்னு மருந்து இருக்கு. முழுசாக் குணமான நோய்னு யாரும் சொல்றது இல்லை.

அதனால 2020க்கு அப்புறம் பலரும் எடுத்த வழி, அறிவை எடைக்குள்ள திணிக்காம வெளியில ஆவணமா வச்சுட்டு, கேள்வி வரும்போது தேடி எடுத்துப் படிச்சுப் பதில் சொல்றது. நமக்கும் அதுதான் ஒத்து வரும். ஆனா தேடுற இடத்துல கிராணி ஐயா சொன்ன கோடு இல்லைன்னா, அதுவும் பெட்ரோல் நிலையத்துல பந்து விளையாடத்தான் போகும்.

இன்னொரு ஆபத்து. இந்தச் செயலி எழுதினதை யாராவது வலைப்பூவுல போடுவாங்க. நம்ம நிரல் அதைப் படிக்கும். ஒரு மாதிரி எழுதினதையே அடுத்த மாதிரிக்குத் திரும்பத் திரும்ப ஊட்டினா, அபூர்வமான விவரங்கள் முதல்ல மறைஞ்சு, பொதுவானது மட்டும் மிஞ்சும்னு 2024ல நேச்சர் இதழ்ல ஆய்வு வந்துச்சு. நம்ம தோட்டத்து விவரம் எல்லாமே அபூர்வ ஜாதிதான்.

#15 ஏஐ பித்தன்

சரி, ஒத்துக்கிட்டாலும் கேக்குறேன். எல்லாத்துக்கும் மனுஷன்தான் வேணும்னா, கணினி எதுக்கு? நோட்டுப் புத்தகம் போதுமே.

#16 மூனாங்கட்டை

நோட்டுப் புத்தகம் கேள்வி கேக்காது.

இதைத்தான் ரெண்டு நாளா யோசிக்கிறேன். கணினி முடிவு சொல்ல வேணாம், சந்தேகம் மட்டும் சொல்லட்டும். ஒரு செய்தி கடைசியா எப்போ எழுத்துல பார்க்கப்பட்டதுன்னு அதுக்குத் தெரியும். 'இந்தத் தோட்டத்துல கிளினிக் இருக்கு'ன்னு ஒரே ஒரு பழைய பக்கம், அப்புறம் பேச்சே இல்லை. அதைப் பொய்னு அடிக்க வேண்டாம், மெய்னு தூக்கி வைக்கவும் வேண்டாம். 'இது இன்னும் இருக்கா, எப்போ நின்னுச்சு?'ன்னு நமக்கு ஒரு கேள்வியா அனுப்பட்டும். அந்தக் கேள்வியை நாம லோரி அண்ணன்கிட்டயும் கிராணி ஐயாகிட்டயும் கொண்டு போவோம்.

விக்கிதரவுன்னு எல்லாரும் சேர்ந்து நிரப்புற தகவல் களஞ்சியம் 2012ல இருந்து ஓடுது. அதுல ஒரு தகவலோட தொடக்கம், முடிவு ரெண்டையும் குறிக்க இடம் இருக்கு. ஒரு ஊருக்கு எந்தப் பேர் எந்த வருஷம் வரைக்கும்னும் சொல்லலாம். நம்ம ஊரையே பாருங்களேன். 2007 வரைக்கும் பத்தாங் பெர்ஜுந்தை, அதுக்கப்புறம் பெஸ்தாரி ஜெயா. இதைச் சொல்லிக் கொடுக்காத நிரல் ரெண்டு தனி ஊர்னு எழுதி வச்சு, ஒரு ஊர் 2007ல திடீர்னு காணாமப் போச்சுன்னும் இன்னொண்ணு அதே வருஷம் முளைச்சதுன்னும் சொல்லும். தெலுக் அன்சன் 1982ல தெலுக் இந்தான் ஆனதும் இதே கதை.

#17 லோரிக்காரன்

முளைக்கவும் இல்ல, காணாமப் போவவும் இல்ல. பஸ்ல ஏறி இன்னமும் பத்தாங்னுதான் டிக்கெட் கேக்குறோம்.

#18 டீச்சரம்மா

இந்த வழி எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு திருத்தம் மட்டும். 'முடிந்த ஆண்டு'ன்னு ஒரே கட்டம் வைக்காதீங்க. 'கடைசியாகக் கண்டவர் சொன்ன ஆண்டு', 'இல்லை என்று முதலில் கண்டவர் சொன்ன ஆண்டு'ன்னு ரெண்டு வைங்க. ஜனங்க வருஷத்தை நெத்தியில ஒட்டி வச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டாங்க. 'என் மூத்தவ பள்ளிக்கூடத்துல சேர்ந்தப்போ கோயில் இருந்துச்சு, சின்னவன் சேர்ந்தப்போ இல்லை'ன்னுதான் சொல்வாங்க. ரெண்டு கட்டம் இருந்தா அதை அப்படியே எழுதலாம், நடுவுல எதையும் கற்பனை பண்ண வேண்டாம்.

யார் சொன்னாங்கன்னும் இருக்கணும். பேர் வேண்டாம், 'முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி, மேல் லயம்' மாதிரிப் போதும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்க கேள்வித்தாளோட தாத்தா பாட்டிகிட்டப் போகலாம். தலைமையாசிரியர்கிட்ட நான் பேசுறேன்.

#19 பழைய கிராணி

பெயர் வேண்டாம் என்பதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். என் வீட்டில் பழைய செக்ரோல் தாள்கள் கொஞ்சம் இருக்கின்றன. ஸ்கேன் செய்யக் கொடுங்கள் என்று முன்பே ஒரு பிள்ளை கேட்டது, நான் கொடுக்கவில்லை. அதில் அடையாள அட்டை எண், சம்பளம், முன்பணம், யாருக்கு எத்தனை நாள் லீவு, எல்லாம் இருக்கிறது. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு கடைசிவரை இருந்தவர்கள் பெயரும் இருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் இன்றைக்கும் இந்த ஊரில் நடமாடுகிறார்கள். எதையும் மறக்காத ஒரு எந்திரத்துக்குள் இதைப் போட எனக்கு மனமில்லை.

மாத வாரியாக ஆள் எண்ணிக்கை மட்டும் எடுத்துத் தருகிறேன். எந்த மாதம் எத்தனை பேர் பெரட்டுக்கு வந்தார்கள் என்பதைப் பார்த்தாலே தோட்டம் எப்படிக் கரைந்தது என்று தெரிந்துவிடும்.

#20 சைபர்ஜெயா வாசி

ஐயா, அந்த எண்ணிக்கைத் தாள் ஒண்ணு போதும், நூறு வலைப்பூவுக்குச் சமம்.

மூனாங்கட்டை, இணையத்துல இருக்கிறதை எல்லாம் அள்ள வேண்டாம். பள்ளி ஆண்டுமலர், கோயில் கும்பாபிஷேக மலர், நாமளே ஸ்கேன் பண்ணின பத்திரிகை நறுக்கு, இவ்வளவோட நிறுத்திக்கோ. கும்பாபிஷேக மலர்ல 'கோயில் வரலாறு'ன்னு ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். இடம் மாறின விவரத்தை வருஷத்தோட எழுதுறது அதுல மட்டும்தான். முதல்ல வகைகளைக் கம்மியா வை: தோட்டம், டிவிஷன் (தோட்டத்தோட உட்பிரிவு), கோயில், பள்ளி, தாமான். எது எதோட ஒத்துப்போகாதுன்னு நீயே எழுதிக் கொடு. தோட்டத்தோட பேரும் பள்ளியோட பேரும் ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் வேற வேற ஆள்னு முதல் விதியாப் போடு.

#21 ஏஐ பித்தன்

எனக்கு ஒரு வேலை கொடுங்க. மொழி மாதிரியை வச்சு ஸ்கேன்ல வந்த எழுத்துப் பிழையைத் திருத்தித் தர்றேன். கற்பனை பண்ணாமப் பார்த்துக்கிறேன், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துலயே மூலப் படம் இருக்கும்.

#22 மூனாங்கட்டை

எடுத்துக்க தம்பி.

ரெண்டு ஆண்டுமலரையும் ஒரு கும்பாபிஷேக மலரையும் கொடுத்து ஓட விட்டுப் பார்த்தேன். தோட்டம்னு அது எடுத்ததுல ஒரு தேநீர்க் கடையும் இருந்துச்சு (கடை விளம்பரத்துல 'எஸ்டேட் காப்பித்தூள்'னு போட்டிருந்தாங்க). அதை எடுத்துட்டேன். மத்தபடி கேள்வி அனுப்புது. முதல் கேள்வி இதோ: 'ஆற்றோரம் இருந்த தோட்டத்தில் பால் ஸ்டோர் உள்ளது என ஒரே ஒரு இடத்தில் காணப்பட்டது. பிறகு குறிப்பு இல்லை. இன்னும் உள்ளதா?'

#23 லோரிக்காரன்

இல்ல. அங்கேருந்து கடைசி லோடு ஒட்டுப்பால் (உறைஞ்ச ரப்பர் பால்) ஏத்துனது நான்தான். கே.எல்.ல காமன்வெல்த் விளையாட்டு நடந்த வருஷம். போற வழியெல்லாம் கொடி கட்டியிருந்தாங்க, அதான் ஞாபகம்.

#24 மூனாங்கட்டை

1998. 'கடைசியாகக் கண்டவர்' கட்டத்துல போட்டாச்சு அண்ணே. சொன்னவர்: லோரி ஓட்டுநர்.

#25 பழைய கிராணி

பொறுங்கள். அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் ரெண்டு. ஆற்றோரம் கீழ் டிவிஷன், மேட்டில் மேல் டிவிஷன். லோரிக்காரர் ஏற்றியது மேட்டு ஸ்டோரில் இருந்து. கீழ் டிவிஷனில் அதற்கு முன்பே செம்பனை வந்துவிட்டது, அங்கே ஒட்டுப்பாலுக்கு வழியே இல்லை.

#26 லோரிக்காரன்

கிராணி சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நான் ஏத்துன எடத்துலேருந்து ஆறு தெரியும்.

#27 பழைய கிராணி

மேட்டில் நின்றால் ஆறு தெரியாமல் என்ன செய்யும்?

#28 டீச்சரம்மா

ரெண்டு பேர் சொன்னதையும் தனித்தனி வரியாப் போடுங்க தம்பி. ஒண்ணை அழிச்சுட்டு ஒண்ணை எழுதாதீங்க. மேல் லயத்துல இருந்த பாட்டி ஒருத்தவங்க இப்போ எங்க தாமான்லதான் இருக்காங்க, வெள்ளிக்கிழமை கோயில்ல பார்ப்பேன். கேட்டுட்டு வந்து எழுதுறேன்.

#29 மூனாங்கட்டை

சரி டீச்சர். டிவிஷனுக்குத் தனி வரின்னு அட்டவணையை மாத்திட்டேன். ரெண்டு பதிலும் இருக்கு. கேள்வியும் திறந்தே இருக்கு.